தலையெழுத்தும் முகவெட்டும்

முகத்தைப் பார்த்து உள்ளே இருப்பதைச் சொல்லிவிடலாம் என்கிற நம்பிக்கை நம்மிடம் ரொம்பப் பழசு. அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று பழமொழி. சாமுத்திரிகா லட்சணம் என்று அதற்கொரு சாஸ்திரம். 'மூஞ்சியப் பாத்தாலே தெரியலையா' என்று தெருப்பேச்சு. வள்ளுவர் குறிப்பறிதல் என்ற ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் வைத்திருக்கிறார், பொருட்பாலில் ஒன்று, காமத்துப்பாலில் ஒன்று. ஆனால் இவை எல்லாம் ஒரே சரக்கு இல்லை. வள்ளுவர் பேசுவது அசைகிற முகத்தை: கோபத்தில் மாறுகிற, ஆசையில் மாறுகிற, மறைக்கப் பார்த்தாலும் காட்டிக்கொடுத்துவிடுகிற முகத்தை. சாமுத்திரிகம் பேசுவது அசையாத முகத்தை, அதாவது எலும்பை. மூக்கு இப்படியிருந்தால் புத்தி இப்படி, நெற்றி இப்படியிருந்தால் விதி இப்படி. கடந்த அறுபது ஆண்டுகளில் கருவியல் என்ன செய்திருக்கிறது என்றால், முக எலும்புக்கும் மூளைக்கும் நிஜமாகவே ஓர் உறவு உண்டு என்று காட்டிவிட்டது. அது என்ன மாதிரி உறவு, எதுவரை செல்லுபடியாகும் என்று விளங்கிக்கொள்ளாமல் விட்டால் பழைய சாஸ்திரம் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு திரும்பி வந்துவிடும். ஏற்கெனவே வந்துகொண்டுதான் இருக்கிறது.

1964இல் அமெரிக்காவின் இண்டியானாவில் வில்லியம் டிமையர் என்ற நரம்பியல் மருத்துவரும் அவருடைய சகாக்களும் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை எழுதினார்கள். முகம் மூளையை முன்னாடியே சொல்லிவிடும் என்பது தலைப்பின் சாரம். அவர்கள் எடுத்துக்கொண்டது ஒரு குறிப்பிட்ட பிறவிக் குறை. கருவில் முன்மூளை முதலில் ஒற்றை அறையாகத்தான் உருவாகிறது. பிறகு வலம், இடம் என்று இரண்டு அரைக்கோளங்களாகப் பிரிய வேண்டும். பிரியாமல் நின்றுவிட்டால் ஹோலோப்ரோசென்செஃபலி. பிரியா முன்மூளை என்று வைத்துக்கொள்வோம். மூளை அப்படி நிற்கும்போது முகத்தின் நடுப்பகுதியும் கூடவே குறைபடுகிறது. மிகக் கடுமையான நிலையில் நடுமுகத்தில் ஒற்றைக் கண், மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் மூக்கு இல்லை. அதைவிடக் குறைந்த நிலையில் இரண்டு கண்ணும் ஒட்டினாற்போல நெருங்கி, மேலுதட்டின் நடுவில் பிளவு. இன்னும் குறைந்தால் மேல்வரிசையில் முன்பல் இரண்டுக்குப் பதிலாக நட்டநடுவில் ஒன்றே ஒன்று, அவ்வளவுதான். முகக்குறை எவ்வளவு கடுமையோ மூளைக்குறையும் அவ்வளவு கடுமை என்பது டிமையரின் கணிப்பு. பின்னால் வந்தவர்கள் இந்த விதி பத்தில் எட்டுப் பேருக்குத்தான் பொருந்துகிறது என்று திருத்தினார்கள். மிச்சமிருக்கிற அந்த இரண்டு பேரை மறந்துவிட வேண்டாம்.

கருவான நிலையில் ஏறக்குறைய 250க்கு ஒன்று இப்படி அமைகிறது. பெரும்பாலானவை தாமாகவே கலைந்துவிடுவதால் உயிரோடு பிறப்பவற்றில் 10,000க்கு ஒன்று அல்லது அதற்கும் குறைவாகத்தான் கண்ணில் படுகிறது. 2006இல் சென்னையில் ஒற்றைக் கண்ணோடு ஒரு பெண்குழந்தை பிறந்து ஒரு நாளில் இறந்துபோனது. அந்தத் தாய் என்ன மருந்து சாப்பிட்டிருப்பாள் என்ற ஊகம் செய்தியோடு சேர்ந்தே ஓடியது. குறை தெரிவது குழந்தையின் முகத்தில். கூண்டில் ஏற்றப்படுவது தாய்.

மூளை எப்படி உண்டாகிறது என்பதைத் திருப்பூர்க்காரர்களுக்கு விளக்குவது சுலபம். இங்கே வட்ட நிட்டிங் மெஷினிலிருந்து பனியன் துணி குழலாகவே இறங்குகிறது, பக்கத்தில் தையலே கிடையாது. கரு அப்படிச் செய்வதில்லை. அது பழைய தையற்காரர் வழியில் போகிறது. முதலில் தட்டையாக ஒரு விரிப்பு. மூன்றாவது வாரத்தில் விரிப்பின் நடுவில் பள்ளம் விழுகிறது. இரண்டு ஓரங்களும் மேலே எழும்பி ஒன்றையொன்று நோக்கி மடிகின்றன. 22ஆம் நாள் வாக்கில் கழுத்துப் பகுதியில் முதல் இணைப்பு. அங்கிருந்து தலைப்பக்கமும் வால்பக்கமும் இணைப்பு ஓடி, 28ஆம் நாளுக்குள் இரண்டு முனையும் மூடியாக வேண்டும். இதற்கு நரம்புக்குழல் என்று பெயர். தலைமுனை மூடாவிட்டால் மண்டையோட்டுக் கூரையும் மூளையின் பெரும்பகுதியும் இல்லாத குழந்தை. வால்முனை மூடாவிட்டால் முதுகுத்தண்டு பிளந்த குழந்தை. மாதவிலக்கு வர வேண்டிய நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆகும்போது இந்த வேலை முடிந்திருக்கும். வீட்டில் யாரிடமும் இன்னும் சொல்லியிருக்க மாட்டாள்.

ஓரங்கள் சேருகிற இடத்தில்தான் முகத்தின் கதை தொடங்குகிறது. ஓவர்லாக் அடித்த துணியில் பிசிறு வெட்டுவதற்கென்றே கம்பெனிகளில் ஆள் உண்டு. பெரும்பாலும் பெண்கள், இருப்பதிலேயே குறைந்த கூலி. வெட்டின பிசிறு வேஸ்ட்டுக்குப் போகும். கருவில் அந்த ஓரத்துப் பிசிறுதான் முகமாகிறது. விரிப்பின் விளிம்பிலிருந்து கழன்று வரும் இந்தச் செல்களை நரம்பு முகட்டுச் செல்கள் என்கிறார்கள். வில்ஹெல்ம் ஹிஸ் 1868இல் கோழிக்கருவில் இவற்றை முதலில் அடையாளம் கண்டார். இவை ஓரிடத்தில் நிற்பதில்லை. கூட்டங்கூட்டமாகப் புறப்பட்டு முகத்துக்குப் போகின்றன. முக எலும்பு, தாடை, பல்லின் உட்பகுதி, தோலுக்கு நிறம் தரும் செல்கள் என்று எங்கெங்கோ போய்த் தங்கி வேறு வேறு ஆளாகிவிடுகின்றன. பிழைப்புத் தேடி ஊர் ஊராய்ப் போகிறவர்களை வைத்தே ஓர் ஊர் எழும்பும் என்பது திருப்பூரில் யாருக்கும் புதுச் செய்தி இல்லை.

இவை எங்கே போகின்றன என்று எப்படித் தெரியும்? பிரெஞ்சு அறிவியலாளர் நிக்கோல் லெ துவாரென் 1969இல் ஒரு வழி கண்டுபிடித்தார். காடையின் செல்லுக்கருவைச் சாயமேற்றிப் பார்த்தால் நடுவில் அடர்த்தியாக ஒரு புள்ளி தெரியும். கோழிக்கு அது இல்லை. காடைக் கருவின் விளிம்பை வெட்டிக் கோழிக் கருவில் வைத்துவிட்டால் போதும், எந்தச் செல் எங்கே போய்ச் சேர்ந்தது என்று புள்ளியை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். 2003இல் ரிச்சர்ட் ஷ்னைடரும் ஜில் ஹெல்ம்ஸும் ஒரு படி மேலே போனார்கள். காடையின் முகட்டுச் செல்லை வாத்துக்கும் வாத்தினுடையதைக் காடைக்கும் மாற்றி வைத்தார்கள். வாத்துக்குக் காடையின் அலகு வந்தது, காடைக்கு வாத்தின் அலகு வந்தது. அலகின் வடிவத்தைச் சுமந்து வருவது இந்தப் பிசிறுதான் என்று உறுதியானது.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் தலையெழுத்து என்பது வெறும் உவமை இல்லை. சுடுகாட்டில் மண்டையோட்டைப் பார்த்தவர்கள் அதன் மேல் வளைந்து நெளிந்து ஓடும் பொருத்துக் கோடுகளைத்தான் பிரம்மன் எழுதினது என்றார்கள். சுண்டெலிக் கருவில் செய்த சோதனைகளின்படி நெற்றி எலும்பு நரம்பு முகட்டுச் செல்களிலிருந்து வருகிறது. அதற்குப் பின்னால் இருக்கும் உச்சி எலும்பு வேறொரு திசுவிலிருந்து வருகிறது. இரண்டு வழியில் வந்த இரண்டு கூட்டம் சந்தித்த எல்லைக்கோடு அது. எழுதப்பட்ட வாக்கியம் என்று நாம் நினைத்தது இரண்டு துணி சேர்ந்த இடத்தின் தையல்.

இப்போது மரபணுவுக்கு வரலாம். 1980இல் கிறிஸ்டியானே நுஸ்லைன் ஃபோல்ஹார்டும் எரிக் வீஷாவுஸும் பழ ஈயின் புழுவில் உடல் அமைப்பைக் குலைக்கும் மரபணுக்களைத் தேடிப் பட்டியல் போட்டார்கள் (1995இல் இதற்கு நோபல் பரிசு). அதில் ஒன்று கெட்டால் புழுவின் உடம்பு முழுக்க முள் முளைத்தது போல ஆகிவிடும். அதற்கு முள்ளெலி என்று பொருள்படும் ஹெட்ஜ்ஹாக் என்று பெயர் வைத்தார்கள். 1993இல் அதே வகை மரபணு கோழியிலும் எலியிலும் இருப்பது தெரிந்தபோது ஆய்வுக்கூடத்துப் பையன் ஒருவர் வீடியோ விளையாட்டுப் பாத்திரத்தின் பெயரை எடுத்துச் சானிக் ஹெட்ஜ்ஹாக் என்று சூட்டிவிட்டார். ஒற்றைக் கண்ணோடு பிறந்து இறந்த குழந்தையின் பெற்றோரிடம் ஒரு மருத்துவர் இந்தப் பெயரைச் சொல்ல வேண்டிவரும் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. 1996இல் அந்த நாள் வந்துவிட்டது. சானிக் மரபணுவை நீக்கிய எலிக்கு ஒற்றைக் கண் வந்தது. அதே ஆண்டு மனிதக் குடும்பங்களிலும் பிரியா முன்மூளைக்கு இதே மரபணுவின் திரிபு காரணம் என்று காட்டினார்கள்.

ஒற்றைக் கண் என்றால் இரண்டு கண் ஒட்டிப்போனது என்று நினைக்கிறோம். நடப்பது நேர்தலைகீழ். கருவில் கண் ஆகப்போகிற பகுதி முதலில் நடுவில் ஒரே பட்டையாக இருக்கிறது. அதற்கு அடியிலுள்ள திசுவிலிருந்து சானிக் புரதம் கசிந்து வந்து பட்டையின் நடுப்பகுதியைக் கண்ணாகாமல் தடுக்கிறது. இரண்டு பக்கமும் மிச்சமிருப்பவை இரண்டு கண் ஆகின்றன. ஆக எல்லோரும் ஒற்றைக் கண்ணில்தான் தொடங்குகிறோம். சமிக்ஞை வந்துசேராதவர்கள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

சமிக்ஞை என்ற சொல்லை வலியுறுத்த வேண்டும். மரபணு சும்மா கிடந்து முகத்தை வரைவதில்லை. அதிலிருந்து ஒரு புரதம் உண்டாகி, பக்கத்துச் செல்லுக்குப் போய், அந்தச் செல் அதைக் கேட்டு, பிறகு தானும் ஒன்று சொல்ல வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் ரால்ஃப் மார்குசியோவும் அவருடைய குழுவினரும் கோழிக்கருவில் காட்டியது இது: முன்மூளை சானிக்கை வெளிவிடுகிறது, அதைக் கேட்ட பிறகுதான் முகத்தின் மேல்தோலில் ஒரு பகுதி தன் சொந்த சானிக்கை உற்பத்தி செய்யத் தொடங்குகிறது, அந்தப் பகுதி அலகு எந்தப் பக்கம் வளர வேண்டும் என்று ஆணையிடுகிறது. 2010இல் அவர்கள் சானிக்கின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். குறையக் குறைய நடுமுகம் ஒடுங்கியது, கூடக் கூட அகன்றது. இயல்பான முகத்துக்கும் குறைபட்ட முகத்துக்கும் நடுவில் வேலி எதுவும் இல்லை, ஒரே சாய்தளம்தான். எதிர்த்திசையிலும் பேச்சு நடக்கிறது. கருவிலிருந்து முகட்டுச் செல்களை வெட்டி எடுத்துவிட்டால் முகம் மட்டுமில்லை, முன்மூளையே சரியாக வளர்வதில்லை என்று 2006இல் லெ துவாரெனின் கூடத்தில் காட்டினார்கள். மூளை முகத்தைச் செய்கிறது, முகம் மூளையைச் செய்கிறது. ஆசிரியன் யார், பிரதி எது என்று கேட்டால் பதில் கிடையாது.

இந்தியாவில் இந்தத் துறையில் மிகக் கூர்மையாக வேலை செய்தவர் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் சுபா டோலே. (2010இல் பட்நாகர் விருது, 2014இல் இன்ஃபோசிஸ் பரிசு.) அவர் எடுத்துக்கொண்டது எல்.எச்.எக்ஸ்.2 என்ற மரபணு. இது முழுக்க இல்லாத எலிக்குக் கண்ணே உருவாவதில்லை என்பது 1997லேயே தெரியும். மூளைப் புறணியில் இது என்ன செய்கிறது என்பதுதான் டோலேயின் கேள்வி. வளரும் புறணியின் ஓரத்தில் ஒரு பட்டை இருக்கிறது. அதற்கு ஹெம் என்று 1998இல் பெயர் வைத்தார்கள். பெயர் வைத்த கட்டுரையில் டோலேயும் ஒருவர். பாட்டம் ஹெம் அடிக்கிற ஊரில் இந்தச் சொல்லுக்கு விளக்கம் வேண்டாம், துணியின் விளிம்பு மடிப்புத்தான். அந்த ஹெம் பக்கத்துச் செல்களுக்குச் சமிக்ஞை கொடுத்து அவற்றை ஹிப்போகாம்பஸாக, அதாவது நினைவுக்கு அடிப்படையான பகுதியாக மாற்றுகிறது. 2008இல் டோலேயின் குழு புறணியில் திட்டுத்திட்டாக எல்.எச்.எக்ஸ்.2 இல்லாமல் செய்து பார்த்தது. அந்தத் திட்டுகள் ஒவ்வொன்றும் ஹெம் ஆகிவிட்டன. ஒவ்வொரு ஹெம்முக்கும் பக்கத்தில் இருந்த, எந்தக் குறையும் இல்லாத சாதாரணச் செல்கள் ஹிப்போகாம்பஸாக மாறத் தொடங்கின. ஒரே மூளையில் பல ஹிப்போகாம்பஸ்.

இதில் இரண்டு செய்தி இருக்கிறது. ஒன்று, மரபணு மாறியது ஒரு செல்லில், விதி மாறியது அதன் அண்டைவீட்டில். இரண்டாவது காலம். கருவளர்ச்சியின் தொடக்கத்தில் ஒரு சின்ன இடைவெளியில் எல்.எச்.எக்ஸ்.2வை எடுத்தால்தான் செல் ஹெம் ஆகிறது. அது கடந்த பிறகு எடுத்தால் ஆவதில்லை. ஆனால் மரபணு ஓய்வெடுத்துக்கொள்வதும் இல்லை. பிற்பாடு அதே மரபணு ஹிப்போகாம்பஸில் ஒரு செல் நரம்புச் செல்லாக வேண்டுமா, துணைச் செல்லாக வேண்டுமா என்று தீர்மானிக்கிறது என்று அதே குழு 2011இல் காட்டியது. 'ஆடு' என்ற சொல் தொழுவத்தில் ஒன்று, மேடையில் ஒன்று. அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு பொருள் சொல்ல முடியாது, எங்கே, எப்போது, யார் பக்கத்தில் என்று பார்க்க வேண்டும். மரபணுவை வரைபடம், நூல், கட்டளை என்று பேசுகிற பழக்கத்தை எவெலின் ஃபாக்ஸ் கெல்லர் போன்றவர்கள் 1990களிலிருந்தே கேள்விக்குள்ளாக்கினார்கள். ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்கள் அன்றாடம் பார்ப்பதும் அதைத்தான். வரைபடம் என்ற பேச்சு மட்டும் பத்திரிகைகளில் நிற்கவில்லை.

தமிழ் படித்தவன் இங்கே ஒரு சொல்லில் தடுக்கி நிற்க வேண்டியிருக்கிறது: விகாரம். அன்றாடப் பேச்சில் அசிங்கம், அருவருப்பு. 'விகாரமான முகம்.' நன்னூல்காரருக்கு அப்படி இல்லை. நிலைமொழியும் வருமொழியும் புணரும்போது மாற்றமில்லாமல் சேர்ந்தால் இயல்பு, மாற்றத்தோடு சேர்ந்தால் விகாரம். வாழை, பழம் சேர்ந்து வாழைப்பழம் என்று ஓர் எழுத்து கூடினால் தோன்றல். பொன், குடம் சேர்ந்து பொற்குடம் ஆனால் திரிதல். மரம், வேர் சேர்ந்து மரவேர் ஆனால் கெடுதல். யாரும் பொற்குடத்தைப் பார்த்து முகம் சுளிப்பதில்லை. விகாரம் என்பது சேர்க்கையின் ஒரு வகை, அவ்வளவே. முகமும் சேர்க்கைதான். நடு நெற்றியிலிருந்து ஒரு மடல், பக்கத்துக்கு ஒன்றாய் மேல்தாடை மடல் இரண்டு, கீழ்த்தாடை மடல் இரண்டு, ஆக ஐந்து மடல்கள் ஒன்றையொன்று நோக்கி வளர்ந்து ஒட்டுகின்றன. மேலுதடு ஏழாவது வாரத்துக்குள் ஒட்டிவிடுகிறது. மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் எல்லோருக்கும் இருக்கும் சின்னப் பள்ளம் அந்த ஒட்டின் தழும்பு. உலகம் முழுக்க ஏறக்குறைய 700 பிறப்புக்கு ஒன்றில் உதடோ அண்ணமோ ஒட்டாமல் நிற்கிறது. அந்தக் குழந்தையிடம் நம்மிடம் இல்லாதது ஒன்றும் இல்லை; நமக்கு மூடிய தையல் அதற்கு மூடவில்லை.

டிமையரின் அந்த மிச்சம் இரண்டு பேர் இங்கே வருகிறார்கள். சானிக் திரிபு ஓடும் குடும்பங்களில் ஒரு குழந்தை கடுமையான பிரியா முன்மூளையோடு பிறந்திருக்கும். தாயைச் சோதித்தால் அதே திரிபு, எழுத்துக்கு எழுத்து அதுவே, அவளிடமும் இருக்கும். அவளுக்கு என்ன குறை? நடுவில் ஒரே முன்பல். சில பேருக்கு அதுகூட இல்லை. ஒரே எழுத்து, தாயில் ஒரு பல்லாக வாசிக்கப்படுகிறது, பிள்ளையில் உயிர் போகிறது. மற்ற மரபணுக்கள், தாயின் நீரிழிவு, அந்தச் சில நாட்களில் என்ன நடந்தது என்று பலதும் இடையில் புகுகின்றன. இதைத் தலையெழுத்து என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்று. இந்தத் திரிபு பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், அல்லது குழந்தையில் புதிதாகவே தோன்றலாம். ஆனால் குறையோடு குழந்தை பிறந்தால் நம் ஊரில் முதல் கேள்வி 'சொந்தத்துல கட்டினீங்களா?' என்பதுதான். தாய்மாமனைக் கட்டுவதும் அத்தை மகனைக் கட்டுவதும் இரு பக்கமும் ஒரே ஒளிந்த குறை இருந்தால் அபாயத்தைக் கூட்டும் என்பது உண்மை. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் ராவும் இன்பராஜும் வட ஆர்க்காட்டில் எடுத்த கணக்கை 1977இல் வெளியிட்டபோது, கருச்சிதைவிலும் பிள்ளைப்பேற்றிலும் எதிர்பார்த்த அளவுக்குப் பெரிய வேறுபாடு காணவில்லை என்றார்கள். பல தலைமுறை உள்வட்ட மணம் கடுமையான திரிபுகளைக் களைந்திருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். எல்லாக் குறைக்கும் ஒரே பதில் வைத்திருப்பவர்கள் ஜோசியர்கள் மட்டுமில்லை.

முகத்தை அளந்து மனிதனை நிறுக்கும் ஆசைக்குத் தமிழ்நாட்டில் ஒரு வரலாறு உண்டு. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அளவுகோலோடு ஊர் ஊராய்ப் போய் மூக்கை அளந்தார். 1909இல் ரங்காச்சாரியோடு சேர்ந்து அவர் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் ஏழு தொகுதிகளில் அந்த எண்கள் இறைந்து கிடக்கின்றன. வடக்கே ரிஸ்லி ஒரு படி மேலே போய், மூக்கு அகலம் கூடக் கூடச் சாதிப்படியில் இறக்கம் என்று விதியே வகுத்தார். அளவுகோல் உலோகத்தால் ஆனது என்பதற்காக அதைப் பிடித்த கை நடுநிலையாகிவிடாது. இன்றும் சில சாதிச் சங்கக் கூட்டங்களில் தர்ஸ்டனைப் பெருமையாக மேற்கோள் காட்டுகிறார்கள், தங்களுக்குச் சாதகமான பக்கத்தை மட்டும்.

அதனால்தான் 2021இல் வந்த ஓர் ஆய்வைக் கவனமாக வாசிக்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டின் ஜோவன்னா வைசோக்காவும் சாஹின் நக்வியும் சகாக்களும் 19,644 பேரின் மூளைப் படங்களையும் மரபணுத் தொகுப்பையும் ஒப்பிட்டார்கள். மூளைப் புறணியின் வடிவத்தோடு தொடர்புள்ள இடங்கள் மரபணுத் தொகுப்பில் 472 கிடைத்தன. அவற்றில் 76 முக வடிவத்தோடும் தொடர்புள்ளவை. நோயாளிகளிடம் மட்டுமில்லை, தெருவில் நடக்கிற நம்மைப் போன்றவர்களிடமும் மூளை வடிவமும் முக வடிவமும் சேர்ந்தே நெய்யப்படுகின்றன என்றாகிறது. தலைப்புச்செய்திக்கு இது போதும். ஆனால் ஆய்வின் மறுபாதி வேறு: இந்தப் பொது இடங்களுக்கும், அறிவுத்திறன் நடத்தை போன்றவற்றைப் பாதிக்கும் மரபணு வேறுபாடுகளுக்கும் குறிப்பிடத்தக்க பொருத்தம் எதுவும் இல்லை. கருவின் தொடக்கத்தில் மூளையும் முகமும் ஒன்றையொன்று தள்ளி, இழுத்து, பேசி உருவம் கொள்கின்றன. பிற்பாடு வரும் சிந்தனைக்கும் சுபாவத்துக்கும் அந்தப் பேச்சு போய்ச் சேர்வதாகத் தெரியவில்லை. மூக்கைப் பார்த்து மூளையின் மடிப்பைப் பற்றி ஏதோ துளி சொல்லலாம், புத்தியைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. அந்த 19,644 பேரும் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து இறங்குகிறவர்களை 'மூஞ்சியப் பாத்தே சொல்லிருவனுங்க, இவன் நிக்க மாட்டான்' என்று கழித்துக்கட்டுகிற ஏஜெண்டுகளுக்கு இந்த ஆய்வு உதவாது.

மரபணுவில் கை வைக்காமலே முகத்தையும் மூளையையும் குலைக்க முடியும். 1950களில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஆடுகள் ஒற்றைக் கண் குட்டிகளை ஈன்றன. மேய்ப்பர்கள் தங்கள் கிடாயைச் சந்தேகித்தார்கள். வம்சக் குறை என்றால் வெளியே சொல்லவும் கூச்சம். அரசு ஆய்வாளர்கள் வருடக்கணக்கில் தேடிக் கடைசியில் மலைப்பக்கம் முளைக்கும் காட்டு லில்லி வகைச் செடி ஒன்றில் போய் நின்றார்கள். சினையான 14ஆம் நாள் தாயாடு அந்தச் செடியைத் தின்றால் குட்டிக்கு ஒற்றைக் கண். முன்னே பின்னே தின்றால் இல்லை. செடியிலிருந்த பொருளுக்குச் சைக்ளோபமைன் என்று பெயரிட்டார்கள். அது சானிக் சமிக்ஞையைக் கேட்கிற செல்லின் காதை அடைக்கிறது என்பது முப்பது நாற்பது ஆண்டு கழித்துத்தான் விளங்கியது. குட்டியின் மரபணு பழுதில்லை, பேச்சுத்தான் தடைப்பட்டது. அதே வழியில் காதை அடைக்கும் மருந்து ஒன்று 2012இல் தோல் புற்றுநோய்க்கு வந்தது. கருவுற்ற பெண்கள் அதை எடுக்கக்கூடாது என்று கடும் எச்சரிக்கையோடு.

சாயப்பட்டறை ஊருக்கு இதைவிட நெருக்கமான கதை ட்ரைபன் நீலம். பருத்தியில் நேரடியாக ஏறக்கூடிய அசோ வகைச் சாயம். 1948இல் தென்னாப்பிரிக்காவில் கில்மனும் சகாக்களும் அதைச் சினை எலிகளுக்கு ஊசி வழியாகச் செலுத்தியபோது குட்டிகள் தலையில் நீர் கோத்தும் முதுகுத்தண்டு பிளந்தும் பிறந்தன. எப்படி? 1960களில் வெளியான விளக்கம் விசித்திரமானது. சாயம் குட்டியைத் தொடவே வேண்டியதில்லை. எலிக்கருவுக்கு ஆரம்ப நாட்களில் உணவைச் செரித்துக் கொடுப்பது அதைச் சுற்றியிருக்கும் கருவுணவுப்பை. சாயம் அங்கே தங்கிச் செரிமானத்தைக் கெடுக்கிறது. குழல் மூட வேண்டிய நேரத்தில் கரு பட்டினி கிடக்கிறது. இதை எடுத்து நொய்யலோடு ஒட்டிவிட வேண்டும் என்று கை பரபரக்கும். அது சரியாகாது. அது ஊசி, அதிக அளவு, எலி. மனிதக் கரு உணவு பெறும் விதமே வேறு. நொய்யலில் நடந்ததற்குத் தனிச் சாட்சிகள் உண்டு: 1992இல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாகிப்போனது, உப்பேறிய கிணறுகள், விவசாயிகள் நடத்திய வழக்கு, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன உயர்நீதிமன்ற ஆணை. ஜெர்மனி 1994இல் சில அசோ சாயங்களைத் தடை செய்தபோது அது தன் ஊர்க்காரனின் தோலை நினைத்துச் செய்தது. ட்ரைபன் நீலம் எனக்குக் கற்றுக்கொடுப்பது ஒன்றுதான்: குழல் மூடுகிற நாட்களில் தாய் வழியாக என்ன வருகிறது, என்ன வராமல் போகிறது என்பது மரபணுவைப் போலவே எழுதும்.

வராமல் போவதில் முக்கியமானது ஃபோலிக் அமிலம், கீரையிலும் பருப்பிலும் இருக்கும் வைட்டமின். பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஏழு நாடுகளில் 33 மையங்களில் நடத்திய சோதனையின் முடிவு 1991இல் வெளியானது. நரம்புக்குழல் குறையோடு ஏற்கெனவே ஒரு பிள்ளை பிறந்த பெண்கள், அடுத்துக் கருவுறும் முன்பிருந்தே இதைச் சாப்பிட்டால் அதே குறை திரும்புவது 72 சதவீதம் குறைகிறது. மறு ஆண்டு ஹங்கேரியில் முதல் குழந்தைக்கும் பலன் உண்டு என்று தெரிந்தது. மலிவான மாத்திரை. ஒரே நிபந்தனை, கரு உண்டாவதற்கு முன்பே உடம்பில் இருக்க வேண்டும்.

நம் ஊரில் அந்த இடத்தில் கிரகணம் நிற்கிறது. கிரகணத்தன்று கர்ப்பிணி கத்தி, கத்தரி, ஊசி தொடக்கூடாது, தொட்டால் பிள்ளைக்கு உதடு வெட்டுப்படும். 2019 டிசம்பர் 26 வளைய சூரிய கிரகணத்தின் பாதை கோவை, திருப்பூர் வழியாகத்தான் போனது. வியாழக்கிழமை, ஷிப்ட் நேரம். பிசிறு வெட்டுகிறவள் கத்தரியைத் தொடாமல் என்ன செய்வாள்? 'கெரகணத்தன்னிக்கி நீ கத்திரியத் தொட்டியாக்கு?' என்று பின்னால் ஒரு மாமியார் கேட்டால் தொட்டேன் என்பதுதான் பதில். அன்றைக்கு அவளுக்கு ஆறு மாதமோ ஏழு மாதமோ ஆகியிருந்தால் பிள்ளையின் உதடு ஒட்டி மாதக்கணக்காகியிருக்கும், எந்தக் கத்தரியும் எட்டாது. படித்தவர்கள் இதைச் சிரித்துத் தள்ளிவிட்டு 'ஜீன்லயே இருக்கு' என்கிறார்கள். யாருடைய ஜீன் என்று கேட்டால் மறுபடியும் பெண் வீட்டுப் பக்கம் கை நீள்கிறது. கிரகணத்துக்குப் பதில் ஜீன், கூண்டு அதேதான்.

நூற்பாலை விடுதிகளில் மூன்று வருட ஒப்பந்தத்தில் இருந்துவிட்டு, சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் சேர்ந்த பணத்தோடு நேராகக் கல்யாணப் பந்தலுக்குப் போன பெண்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். 2013இல் தொடங்கிய வாராந்திர இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரைத் திட்டம் பள்ளிக்கூடத்தையும் அங்கன்வாடியையும் நம்பியிருக்கிறது. பதினைந்து பதினாறு வயதில் மில் விடுதிக்குள் போனவள் பள்ளிக்கூடத்திலும் இல்லை, ஊர் அங்கன்வாடிக்குப் பக்கத்திலும் இல்லை. கல்யாணமாகி, நாள் தள்ளி, கம்பெனியில் சொல்லி லீவு வாங்கி, இரண்டு மாதம் முடிந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் நர்சம்மா கர்ப்பிணி அட்டை போட்டு, ஃபோலிக் அமில மாத்திரையை எண்ணிக் கொடுப்பார். குழல் மூடி அப்போது இரண்டு வாரம் ஆகியிருக்கும்.